சிவப்புப் பந்தும் சிறிய கோர்ட்டும்: பெற்றோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வகுப்பை ஜூன் மாதம் முதல் நாங்கள் மாற்றியமைத்ததைப் பார்த்துவிட்டு, வேலியோரம் நிற்கும் உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "உண்மையான டென்னிஸ் எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள்?" மெத்தென்ற சிவப்புப் பந்தையும், பெரிய கோர்ட்டின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்த சிறு களங்களையும், அவற்றில் உரக்க எண்ணிக்கொண்டு ஓடியாடும் பிள்ளைகளையும் பார்க்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. கட்டணம் செலுத்துபவர்கள் நீங்கள். காரணத்தை முழுமையாகச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தாய், "ஒரு மணி நேரத்தில் என் மகன் எத்தனை பந்து அடிக்கிறான்?" என்று கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்த வகுப்பில் எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்க, பயிற்சியாளர் கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போட, ஒரு பிள்ளை அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும் பழைய முறையில், ஐந்து நொடிக்கு ஒரு பந்து போட்டாலும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஒரு பந்துதான் கிடைக்கும். சிதறிய பந்துகளைப் பொறுக்கும் நேரத்தையும் தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் கழித்தபின், அந்தச் சிறுவன் அடித்தவை நாற்பதைத் தாண்டவில்லை. மிச்ச நேரமெல்லாம் அவன் சும்மா நின்றிருந்தான். கவனமில்லை, சேட்டை செய்கிறார்கள் என்று நாங்கள் கண்டித்துவந்த பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வரிசையின் நடுவில் நின்றவர்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. சில மாதங்களிலேயே வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை.

இப்போது ஒரு பெரிய கோர்ட்டில் நான்கு சிறு களங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நால்வர் புள்ளி எண்ணுகிறார்கள் அல்லது சுவரில் பந்தெறிந்து பிடிக்கிறார்கள். சில நிமிடங்களுக்கொருமுறை இடம் மாறிக்கொள்கிறார்கள்.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்து, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. ஆறு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறத்தாழ 115 சென்டிமீட்டர்தான். தலைக்கு மேலே வரும் பந்தை எப்படியாவது தொட்டுவிடப் பிள்ளை பின்னால் ஓடுகிறது, கைப்பிடியை முறுக்கிப் பிடிக்கிறது; அந்தப் பிடி படிந்துவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. சிவப்புப் பந்து மெதுவாக வந்து இடுப்பளவில் நிற்பதால், பிள்ளைக்குப் பார்க்கவும் காலை நகர்த்தவும் அவகாசம் கிடைக்கிறது. இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதியாகவே ஆக்கியிருக்கிறது. சிவப்புக்கு அடுத்து ஆரஞ்சு, அதற்கடுத்துப் பச்சை, பிறகே மஞ்சள். களமும் அவ்வாறே வளரும்: சிவப்புக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நீளம், ஆரஞ்சுக்கு 18 மீட்டர், பச்சைக்குத்தான் 23.77 மீட்டர் முழுக் கோர்ட்.

சொல்லித்தரும் விதத்திலும் மாறியிருக்கிறோம். "மணிக்கட்டைத் திருப்பு, தோளைச் சாய், முழங்காலை மடக்கு" என்று ஒரே மூச்சில் மூன்றைச் சொன்னால் பிள்ளை தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருக்கும், பந்து போய்விடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்கிறோம், அதையும் பந்தை வைத்தே சொல்கிறோம்: "வலைக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் அனுப்பு." பந்து வெளியே போனால் உடனே திருத்தாமல், "எங்கே விழுந்தது? அடுத்ததை என்ன செய்யலாம்?" என்று கேட்கிறோம். ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பதை மட்டும் ஐம்பது தடவை செய்யவைத்தால் அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஃபோர்ஹேண்டும், மறுபக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டும் கலந்து வரும்போது தடுமாறித் தடுமாறிக் கற்றதுதான் ஆட்டத்தில் கைகொடுக்கிறது. ஆகவே வகுப்பு கொஞ்சம் அலங்கோலமாகத் தெரிந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. அதைத்தான் நாங்கள் விரும்புகிறோம் என்று தெரிவித்துக்கொள்கிறோம்.

மெதுவான பந்தில் பழகினால் வேகம் வருமா என்று சில தந்தையர் கேட்டார்கள். வேகம் உடம்பு வளரும்போது வரும். பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் கை நிதானம் சிறு வயதிலேயே பழக வேண்டியது. நம் சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றது முரட்டு வேகத்தால் அல்ல, பந்தை இடம் பார்த்து வைத்த அந்த நயத்தால்தான்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். வளர்ந்த பின்னும் உதவும் என்று எண்ணி 27 அங்குல ராக்கெட் வாங்கித்தர வேண்டாம். பிள்ளை நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு ராக்கெட்டைப் பிடிக்கும்போது அதன் நுனி தரையில் இடிக்கக் கூடாது. ஐந்தாறு வயதுக்குப் பெரும்பாலும் 19 அல்லது 21 அங்குலம் போதும். பாரமான ராக்கெட்டைச் சுழற்றிய பிள்ளைக்கு மணிக்கட்டும் முழங்கையும் வலிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வகுப்பு நடக்கும்போது வேலிக்கு வெளியிலிருந்து திருத்தம் சொல்ல வேண்டாம். இரண்டு குரல் கேட்டால் பிள்ளை எதையும் கேட்பதில்லை. வீடு திரும்பும் வழியில் "ஜெயிச்சியா?" என்பதற்குப் பதில் "இன்னைக்கு எத்தனை பந்து விடாம அடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தோற்ற பிள்ளையும் அதற்கு ஆர்வமாகப் பதில் சொல்லும்.

ஒரு பிள்ளை ஆரஞ்சுப் பந்துக்கு மாறுவதற்கு வயது மட்டும் கணக்கல்ல. சிவப்புக் களத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான சர்வைத் தானே போட்டு, எதிராளியுடன் பத்துப் பந்து வரை விடாமல் ஆடி, புள்ளியைத் தானே சரியாக எண்ணத் தெரிந்தால் மாற்றுவோம். கட்டணத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிவப்புப் பந்தில் ஆடும் வகுப்பு ஒன்றை வைத்திருக்கிறோம். ராக்கெட் நாங்களே தருகிறோம். நம்முடையது மண் கோர்ட் என்பதால், அடிப்பாகம் தட்டையான ஷூ மட்டும் அணிந்து வாருங்கள்.

அன்புடன்,
பயிற்சி மையத்தினர்