எஃப்7 சிப்பாய்

தம்பி,

நாளையோடு ஒரு வருஷம். எந்த ஆட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சதுரங்க போர்டையும் கடிகாரத்தையும் நீ பையில் போட்டுக் கொடுத்தனுப்பினதிலிருந்து எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஹெச்7 கட்டத்தில் பிஷப்பைப் பலி கொடுத்தது சரி. கறுப்புக் குதிரை எஃப்6-இல் இல்லை. உன் சிப்பாய் ஈ5-இல். சி1 பிஷப்புக்கு ஜி5 வரை வழி திறந்து கிடந்தது. அவன் ராஜா அதை வெட்டினான், உன் குதிரை ஜி5 செக், ராஜா ஜி8, உன் ராணி ஹெச்5. எதிராளி யானையை ஈ8-க்கு நகர்த்தி எஃப்8-ஐக் காலி செய்தான்.

உன் கை ராணி மேல் போய் நின்றது. வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பார்வையை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நேரே ஹெச்7-இல் செக் வைத்தாய். ராஜா எஃப்8, ராணி ஹெச்8 செக், ராஜா ஈ7. ராஜா வெளியே வந்துவிட்டது. முதலில் ராணியால் எஃப்7 சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும். செக், ராஜாவுக்கு ஹெச்8 மட்டும்தான். திரும்ப ஹெச்5 செக், ஜி8. அதற்கப்புறம் ஹெச்7, எஃப்8, ஹெச்8, ஈ7, ஜி7-ஐ வெட்டினால் மேட். ஏழாவது வரிசையில் குறுக்கே எஃப்7 சிப்பாய் இல்லாததால்தான் அது மேட். நீ போன வழியில் அதே ஜி7 வெட்டு செக்கூட ஆகாது.

அதோடு முடியவில்லை. நீ ராணியை ஹெச்4-க்கு இழுத்தாய், அவன் எஃப்8-க்குத் திரும்பினான். இரண்டு முறை திரும்பினான்! இரண்டு முறையும் ராணி ஹெச்5 இருந்தது. அடுத்தது எஃப்7-இல் மேட். தடுக்க ஈ7-இல் ராணியை வைத்தாலும் யானையை வைத்தாலும் ஹெச்8-இல் மேட். நீயோ மறுபடி ஹெச்8 செக். ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் கடிகாரத்தை நிறுத்தி டிரா கேட்டு நடுவரைக் கூப்பிட்டது நீ. அவன் கூப்பிடவில்லை.

டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளி போதும் என்று காலையில் சொன்னது நான்தான். மன்னித்துவிடு. புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தோற்றிருந்தால் உனக்கு இடம் போயிருக்கும். என்னை யார் சொல்லச் சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், நம்மூர்க்காரர்கள் படிக்கிறார்கள். ஆனால் சொன்ன இடம்தான் உறுத்துகிறது. பூவனூரில் சாமி சதுரங்கம் ஆடி ஜெயித்துத்தான் அம்மனைக் கைப்பிடித்தார் என்பது தலவரலாறு. அந்தச் சதுரங்க வல்லபநாதர் சந்நிதி வாசலில் வைத்து உன்னிடம் டிரா போதும் என்றேன்.

ஆனாலும் டிரா போதும் என்று சொன்னவன் எஃப்7-ஐ வெட்டாதே என்று சொல்லவில்லையே. ஐந்து மூவ், எல்லாமே செக். பத்து வயதில் மனப்பாடமாகப் போட்டுக் காட்டியவன் நீ. இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது மூவ்களை எழுதிய அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாயா? பழியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்.

போர்டு மேசை மேல்தான் இருக்கிறது. யானை ஈ8-க்குப் போன நிலையில் காய்களை அடுக்கி வைத்திருக்கிறேன். வெள்ளை ஆட வேண்டும்.