உன்ர பேரிலை வேண்டாம் மச்சான்

மச்சான்,

உன்ர மெயில் வந்து கனநாளாச்சு, பதில் எழுதப் பிந்திப்போச்சு, குறை நினையாதை. இஞ்சை இந்தமுறை மாரி அடிச்சு ஊத்தினதிலை இரணைமடு வான்கதவெல்லாம் திறந்து விட்டவங்கள், பள்ளக் காணியள் கொஞ்சம் அடிபட்டாலும் மேட்டுப்பக்க வயல் பிழையில்லை. அம்மாவைக் கோயிலடியிலை கண்டனான், முழங்கால் நோ எண்டா, மற்றப்படி சுகம். நீ கோல் எடுக்கிறது குறைஞ்சிட்டுது எண்டும் சொன்னா, அதை முதல் கவனி.

சரி, எங்கட பனையோலைச் சங்கம் வெளிநாட்டு ஆக்களுக்கு விக்கத் திறக்கப்போற இணையக் கடையிலை கிறெடிற் காட்டாலை காசு வாங்கிற விசயத்துக்கு வாறன். "என்ர பேரிலை ஸ்ட்ரைப் எக்கவுண்ட் திறந்து தாறன், காசு விழ விழ உனக்கு அனுப்பிவிடுறன், பிறகேன் மண்டையைப் போட்டு உடைக்கிறாய்" எண்டு எழுதியிருந்தாய். உன்ர மனசு எனக்குத் தெரியும் மச்சான், அந்த வரியை வாசிக்கேக்கை சந்தோசமாத்தான் இருந்தது. ஆனா வேண்டாம் எண்டுதான் சொல்லப்போறன், ஏன் எண்டதை வடிவா எழுதினால்தான் நீ கோவிக்க மாட்டாய், அதாலை கடிதம் கொஞ்சம் நீளும், தேத்தண்ணியை வச்சுக்கொண்டு வாசி.

இப்ப காசு எப்பிடி வருகுது தெரியுமோ. சங்கத்து அக்காமார் இழைக்கிற, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சுளகு, ஓலைப்பெட்டி, அதோடை பனங்கட்டி, பனங்கிழங்கைக் காயவச்சு இடிச்ச ஒடியல்மா எல்லாத்தையும் நாங்கள் பேஸ்புக்கிலை போட, ஆக்கள் வட்ஸ்அப்பிலை ஓடர் தருகினம். கனடாக்காரர் ஒரு அக்காவின்ர மச்சாளுக்கு இன்ரறாக் ட்ரான்ஸ்பர் போடுவினம், சுவிஸ்காரர் வேறை ஆரோ ஒருத்தற்ற போன்லை இருக்கிற ட்வின்ற் எக்கவுண்டுக்குப் போடுவினம், பேந்து அது பாங்குக்கு வெளியாலை காசு மாத்துற உண்டியல்காரராலையோ லீவுக்கு வாற ஆக்களின்ர கையிலையோ இஞ்சை வந்து சேரும். கணக்கு எழுதுற அக்கா ஒரு சிஆர் கொப்பி வச்சிருக்கிறா, அதிலை இடப்பக்கம் நீலப் பேனையாலை ஆருக்கு என்ன அனுப்பினது எண்டு இருக்கும், வலப்பக்கம் காசு வந்தால் நீலம் வராட்டி சிவப்பு. போன வருசப் பக்கங்களைப் புரட்டினால் வலப்பக்கம் முக்கால்வாசி சிவப்பு மச்சான். ஆரும் ஏமாத்தேல்லை, எல்லாரும் நல்ல சனம், ஆனா வேலை, பிள்ளையள், குளிர், மறதி எண்டு காசு மாசக்கணக்கா அங்கையே கிடக்குது. குருத்தோலை வெட்டி, காயவச்சு, வார்ந்து, கை வெடிக்க இழைச்ச மனுசி அதுக்கிடையிலை பிள்ளையின்ர ரியூசன் காசுக்கு நகையைக் கொண்டுபோய் அடைவு வைக்கிறா.

அதாலை எனக்கு முதல் கேள்வி எத்தினை வீதம் வெட்டுறாங்கள் எண்டது இல்லை. ஆற்ற பேரிலை காசு விழுகுது, விழுந்த காசு எத்தினை நாளிலை சங்கத்தின்ர பாங்க் புத்தகத்துக்கு வருகுது, அதுதான் கேள்வி. உன்ர எக்கவுண்ட் எண்டால் திரும்பவும் ஒருத்தற்ற ஞாபகத்திலை தொங்குற காசுதான், அது நீயா இருந்தாலும்.

உனக்கும் அது நல்லதில்லை. காசு உன்ர பேரிலை விழுந்தால் கனடா வரிக்காரனுக்கு அது உன்ர வருமானம் மாதிரித்தான் தெரியும், இது கிளிநொச்சிச் சங்கத்தின்ர காசு எண்டு பிறகு நீதான் தாளோடை நிண்டு விளங்கப்படுத்தவேணும். ஆரும் காசைத் திருப்பிக் கேட்டால் உன்ர எக்கவுண்டிலை இருந்துதான் பிடிப்பாங்கள். எக்கவுண்ட்காரன் ரொறன்ரோவிலை, சாமான் போறது இலங்கையிலை இருந்து, லொகின் பண்ணுறது பரந்தனிலை இருந்து, இதைப் பாத்தால் எந்தக் கொம்பனிக்கும் சந்தேகம் வரும், வந்தால் முதல் காசைப் பிடிச்சு வைப்பாங்கள், பேந்துதான் கேள்வி. மாங்குளப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் தேன் வித்தவன், வெளிநாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் ஒராளின்ர எக்கவுண்டாலை. எக்கவுண்ட் முடங்கிப்போச்சு, இவன் அவரை நம்பேல்லை, அவர் இவனை நம்பேல்லை, இண்டைக்கு நல்லது கெட்டதுக்கும் ரெண்டு வீடும் கதைக்கிறேல்லை. எங்கட நட்பை அந்த இடத்திலை கொண்டுபோய் வைக்க எனக்கு விருப்பமில்லை. அதோடை 2021 இலை மத்திய வங்கி போட்ட விதியிலை ஏற்றுமதிச் சாமான்ர காசு 180 நாளுக்கை நாட்டுக்கை வரவேணும் எண்டு இருக்கு. சின்னச் சங்கம் எண்டாலும் நாளைக்கு ஓடிற்றர் வந்து கேக்கேக்கை காட்ட ஒரு நேரான வழி இருக்கவேணும்.

பேபாலைப் பற்றியும் கேட்டிருந்தாய். இலங்கை எக்கவுண்டாலை பேபாலிலை காசு கட்டத்தான் விட்டவங்கள், வாங்க விடேல்லை, வருகுது வருகுது எண்டு மந்திரிமார் சொல்லுறதைக் கனகாலமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம், அதை நம்பிக் கடை திறக்கேலாது. ஸ்ட்ரைப்பின்ர நாட்டுப் பட்டியலிலை இலங்கை இல்லை. அவங்கட அட்லஸ் எண்ட வழியாலை 500 டொலர் கட்டி அமெரிக்காவிலை டெலவெயரிலை ஒரு கொம்பனி பதிஞ்சு திறக்கலாம் எண்டு யூரியூப்பிலை எல்லாரும் சொல்லுகினம், அதுக்குப் பிறகு நடக்கிறதைச் சொல்லுறவை குறைவு. எல்எல்சி எண்ட வகையான டெலவெயர் கொம்பனிக்கு வருசம் 300 டொலர் வரி, வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டிலும். வெளிநாட்டுக்காரன் தனிய வச்சிருக்கிற எல்எல்சி எண்டால் ஒவ்வொரு வருசமும் அமெரிக்க வரிக்கந்தோருக்கு 5472 எண்டொரு போர்ம் நிரப்பவேணும், தவறினால் தண்டம் 25,000 டொலர். நீத்துப்பெட்டி விக்கிற சங்கம் மச்சான், அந்தத் தொகையை எழுதேக்கையே எனக்கு வயிறு கலக்குது. பாடில் மாதிரி, விக்கிறவரின்ர இடத்திலை தாங்களே நிண்டு வரியையும் பாக்கிற கொம்பனியள் சொப்ற்வெயர், ஈபுக் மாதிரி டிஜிற்றல் சாமானுக்குத்தான், பனங்கட்டிக்கு இல்லை.

ஆகக் கடைசியா மிஞ்சுறது இஞ்சத்தை கேற்வேதான், அதாவது கடைக்காகக் காட் காசை வாங்கி பாங்குக்கு அனுப்புற சேவை. பாங்குகளும் குடுக்கினம், பேஹியர், வெப்எக்ஸ்பே மாதிரி ஆக்களும் குடுக்கினம். பாங்க் வழியிலை தொடக்கக் காசு, டெபொசிற் எண்டு கேப்பினம், சின்ன ஆக்களுக்கு அது பாரம். பேஹியர் போலை இடங்களிலை மாசக் கட்டணம் இல்லாத பிளானிலை வீதம் கூட, மாசம் கட்டினால் வீதம் குறையும், எங்கட வியாபாரத்துக்கு முதலாவது காணும். பிரதேச செயலகத்திலை எடுத்த பதிவு, சங்கத்தின்ர பேரிலை பாங்க் எக்கவுண்ட், அடையாள அட்டைக் கொப்பி, வெப்சைற்றிலை காசு திருப்பிற விதியும் தொடர்பு விலாசமும், இவ்வளவும் வேணும், எல்லாம் எங்களிட்டை இருக்கு. வெப்சைற்றை வூகொமர்ஸ் எண்ட இணையக் கடை மென்பொருளிலை செய்யிறம், பேஹியரை அதோடை இணைக்கிற பிளகின் இருக்கு. இணையக் கடை திறந்து தாற மற்றக் கொம்பனி ஷொப்பிஃபை வடிவுதான், ஆனா அவங்கட பேமென்ற்ஸ் இலங்கையிலை இல்லாததாலை வேறை கேற்வே பூட்டினால் பேசிக் பிளானிலை ஒவ்வொரு ஓடருக்கும் இன்னும் 2 வீதம் வெட்டுவாங்கள், கேற்வேக்காரன் வெட்டுறதுக்கு மேலாலை.

உனக்கு ஒரு கணக்கு காட்டுறன், ஏனெண்டால் நீ ஸ்ட்ரைப் மலிவு எண்டாய். கனடாவிலை ஸ்ட்ரைப் உள்ளூர் கிறெடிற் காட்டுக்கு வெட்டுறது 2.9 வீதமும் 30 சதமும். 12 டொலர் நீத்துப்பெட்டி ஒண்டை வித்தால் கிட்டத்தட்ட 65 சதம் போகும், அது 5.4 வீதம். அதே ஆள் நீத்துப்பெட்டி, சுளகு, பனங்கட்டி எல்லாம் சேத்து 60 டொலருக்கு எடுத்தால் 2 டொலர் 4 சதம், 3.4 வீதம்தான். அந்த 30 சதம்தான் சின்ன ஓடரைத் திண்டுபோடும். ஆன படியாலை எந்தக் கேற்வே எண்டதைவிட ஓடரைப் பெரிசாக்கிறதிலைதான் ஆதாயம் கூட, தபால் செலவும் அப்பிடித்தான். நாங்கள் ஒத்தையா விக்காமல் "பிட்டுப் பெட்டி" எண்டொரு தொகுதியாப் போடப்போறம், நீத்துப்பெட்டி ரெண்டு, சுளகு ஒண்டு, வறுத்த அரிசிமா, பனங்கட்டிக் குட்டான்.

இஞ்சத்தை கேற்வேயிலை ரெண்டு குறை இருக்கு, மறைக்கேல்லை. ஒண்டு, பேஹியரிலை ரூபா, அமெரிக்க டொலர், பவுண், யூரோ, அவுஸ்ரேலிய டொலர் இருக்கு, கனடா டொலர் இல்லை. உங்கட ஆக்கள் அமெரிக்க டொலரிலைதான் கட்டவேணும், கனடா பாங்குகள் கனக்க அதுக்கு 2.5 வீதம் மேலாலை எடுக்கும். மற்றது, கடைசியிலை காசு ரூபாவாத்தான் விழும், எந்த நாளின்ர எந்த விலையிலை மாத்தினம் எண்டதைக் கேட்டு எழுத்திலை எடுக்கவேணும். 2022 பங்குனித் தொடக்கத்திலை 200 ரூபாவா இருந்த டொலர் வைகாசிக்கை 360ஐத் தொட்டதை நாங்கள் பாத்தனாங்கள்தானே, ஒரு கிழமை பிந்தி மாத்தினால் என்ன நடக்கும் எண்டது இஞ்சை ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்கு உண்மையிலை பயம் சார்ஜ்பக்தான். காட்காரர் "இந்தக் காசு நான் கட்டேல்லை" எண்டோ "சாமான் வரேல்லை" எண்டோ பாங்குக்குச் சொன்னால் காசு எங்களிட்டை இருந்து திரும்பிப் போகும், வீசாவிலையும் மாஸ்ரர்காட்டிலையும் பெரும்பாலும் 120 நாள் வரைக்கும் அப்பிடிச் சொல்லலாம். எங்கட சனத்துக்கை இது களவாலை வாறேல்லை. ஸ்கார்பரோவிலை ஒரு அம்மா, மேனின்ர காட்டாலை ரெண்டு சுளகு எடுக்கிறா எண்டு வை, மேன் மாசக் கடைசியிலை ஸ்ரேற்மென்ற்றைப் பாக்கிறான், அதிலை கடையின்ர பேர் இல்லை, கேற்வேக்காரன்ர பேரும் கொழும்பு எண்டும் கிடக்கு, இதென்ன கோதாரி எண்டு உடனை பாங்குக்கு அடிக்கிறான். முடிஞ்சுது, சுளகும் போச்சு, காசும் போச்சு, தண்டமும் வரும். அதாலை ஸ்ரேற்மென்ற்றிலை கடையின்ர பேர் விழவேணும் எண்டதிலை நான் விடாப்பிடியா நிக்கிறன், ஓடர் போட்ட உடனை போற மெயிலிலையும் "உங்கட ஸ்ரேற்மென்ற்றிலை இந்தப் பேர் வரும்" எண்டு தமிழிலை எழுதப்போறம்.

போனுக்கு ஓடிபி வாற 3டி செக்கியூர் கட்டாயம் போடுறம். அதாலை உறுதிப்படுத்தின காட்டிலை "நான் கட்டேல்லை" எண்ட வழக்கு வந்தால் பொதுவா பாரம் காட் குடுத்த பாங்குக்குப் போகும். "சாமான் வரேல்லை" எண்டதுக்கு அது உதவாது, அதுக்கு ட்ரக்கிங் நம்பர்தான் சாட்சி, ஒரு பார்சலும் பதிவில்லாமல் போகாது. காட் நம்பர் எங்கட சைற்றிலை ஏறவே கூடாது, கேற்வேயின்ர பக்கத்துக்குப் போய்க் கட்டிப்போட்டுத் திரும்பி வரட்டும். களவெடுத்த காட் வேலை செய்யுதோ எண்டு சின்னக் கடையளிலை ஒரு டொலர் ரெண்டு டொலர் கட்டிப் பாக்கிறவங்கள் இருக்கிறாங்கள், அதுக்காகத்தான் ஆகக் குறைஞ்ச ஓடர் தொகையும் வைக்கிறம்.

அமெரிக்காவுக்கு இப்போதைக்கு அனுப்பேல்லை. 800 டொலருக்குக் குறைஞ்ச பார்சலுக்கு இருந்த வரி விலக்கை 2025 ஆவணி 29 ஓடை எல்லா நாட்டுக்கும் நிப்பாட்டிப் போட்டாங்கள். வரி கட்டச் சொல்லி ஆள் பார்சலைத் திருப்பி விட்டால் அதுவும் சார்ஜ்பக்கிலைதான் போய் முடியும். கனடாவிலையும் எங்கட நாட்டுப் பார்சல் 20 கனடா டொலரைத் தாண்டினால் வரி வரலாம், அதைக் காசு கட்ட முதலே பக்கத்திலை பெரிய எழுத்திலை சொல்லிப்போடுவம்.

சங்கக் கூட்டத்திலை இதெல்லாத்தையும் சொன்னன், வீதம் கூடத்தானே எண்டு ஒராள் கேட்டா. கொப்பிக்கார அக்கா தான் எழும்பிச் சொன்னா, "கொஞ்சம் வெட்டினாலும் பரவாயில்லை தம்பி, எங்கட புத்தகத்திலை எங்கட பேரிலை விழட்டும்" எண்டு. அதோடை முடிவாச்சு.

உனக்கு வேலை இல்லை எண்டு நினையாதை. சைற் திறந்த உடனை லிங்க் அனுப்புறன், உன்ர காட்டாலை ஒரு பிட்டுப் பெட்டி எடு, காசைத் திருப்பித் தரமாட்டன், உண்மையான ஓடராவே இருக்கட்டும். உன்ர போனுக்கு ஓடிபி வந்ததோ, உங்கட பாங்க் எத்தினை மேலதிகமா எடுத்தது, ஸ்ரேற்மென்ற்றிலை எங்கட பேர் எப்பிடி விழுந்தது, மூண்டையும் ஸ்கிறீன்ஷொட் எடுத்து விடு. ஏலுமெண்டால் சூரிச்சிலை இருக்கிற உன்ர தங்கச்சியையும் ஒண்டு எடுக்கச் சொல்லு, சுவிஸ் காட் என்ன செய்யுது எண்டு பாக்கவேணும். அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூச ஏதும் அனுப்புறதெண்டால் ஆவணிக்கு வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடு, நான் போய் வாங்கிக் குடுக்கிறன்.

அன்போடை,
உன்ர கூட்டாளி,
கிளிநொச்சி