குண்டுகரிச்சானுக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்தை ஒட்டி, வீட்டுக்கு வீடு குருவி கூடு கட்டும் பெட்டி மாட்டச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். அதே தெருவில் வாழும் குண்டுகரிச்சானைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

மைனாவைவிடச் சற்றே சிறிய பறவை. ஆணுக்குத் தலையும் மார்பும் பளபளக்கும் கருப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்குக் கருப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதான். மற்ற மாதங்களில் புதர் ஓரமாக அடங்கிக் கிடக்கும். கோடை பிறந்துவிட்டால் விடியும் முன்பே ஆன்டெனா உச்சியில் ஏறி உட்கார்ந்து, வாலை விரித்துத் தூக்கிப் பாடும். நடுநடுவே வேறு பறவைகளின் குரலையும் எடுத்துப் போடும். பாடிப்பாடித்தான் தன் எல்லையைக் காக்கிறது. இன்னொரு ஆண் உள்ளே வந்தால் சண்டைதான். பைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்துவதும் இதனால்தான். யாரும் அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு விரட்ட வேண்டாம். கண்ணாடியில் ஒரு துணிப்பையை மாட்டினால் போதும்.

மார்ச் முதல் ஜூலை வரை முட்டையிடும் காலம். மரப்பொந்து, சுவர் ஓட்டை, மொட்டைத் தென்னை, இவைதான் இதற்கு வீடு. நாலைந்து முட்டை இடும். அடைகாப்பது பெண் மட்டும். குஞ்சுகளுக்கு இரை தேடுவதிலும் பெரும்பங்கு அதற்குத்தான். நாமோ பட்ட மரத்தை உடனே வெட்டுகிறோம், சுவரைப் பூசி அடைக்கிறோம். மிச்சம் இருக்கும் பொந்துக்கு மைனாவும் போட்டிக்கு வருகிறது. சிட்டுக்குருவிப் பெட்டியின் வாசல் இதன் உடம்புக்குப் போதாது.

அப்புறம், சருகு. குண்டுகரிச்சான் பெரும்பாலும் தரையில் பூச்சி பொறுக்கித் தின்னும் பறவை. தினமும் காலையில் சருகைக் கூட்டிக் கொளுத்தினால் அது எங்கே மேயும்?

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த இப்பறவை, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்ததாலும் பிற்பாடு அரிதாகிப்போனது. இந்தோனேசியாவில் பாட்டுப் போட்டிக்காக இன்றும் பிடிக்கிறார்கள். நம் நாட்டில் இதைப் பிடிப்பதோ கூண்டில் அடைப்பதோ சட்டப்படி குற்றம். அந்த அளவில் நிம்மதி.

அடுத்த இதழிலாவது இதைப் பற்றி எழுதுங்கள். ஆளுக்கும் வீட்டுக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் மொட்டைத் தென்னையை ஜூலை முடியும்வரையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்