தாய்க்குதிரையின் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பந்தயக் குதிரைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஃப்ராங்கல் ஓடிய 14 பந்தயங்களிலும் தோற்காதவன், அவனுடைய தகப்பன் கலிலியோ 2001-ல் இங்கிலாந்தின் பெரிய பந்தயமான எப்சம் டெர்பியை வென்றவன் என்று விரிவாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் கலிலியோவைப் பெற்ற அர்பன் சீயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

அர்பன் சீ 1989-ல் பிறந்தவள். 1993-ல் பாரிஸில் நடந்த ஆர்க் என்ற பெரிய பந்தயத்தில், அவள்மேல் யாரும் பெரிதாக நம்பிக்கை வைக்காத நிலையில், ஆண் குதிரைகளையும் முந்தி ஜெயித்தாள். அப்புறம் தாயானாள். சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரைக்குக் கலிலியோவையும், கேப் கிராஸ் என்ற வேறொரு பொலிகுதிரைக்கு சீ தி ஸ்டார்ஸையும் ஈன்றாள். இருவருமே டெர்பி வென்றார்கள். 2009 மார்ச்சில் கடைசிக் குட்டியை ஈன்றபோது ஏற்பட்ட கோளாறில் அவள் இறந்துபோனாள். அதே ஆண்டு மே மாதம் ‘2,000 கினீஸ்’ என்ற பந்தயம், ஜூனில் டெர்பி, அக்டோபரில் தாய் ஜெயித்த அதே ஆர்க் என மூன்றையும் சீ தி ஸ்டார்ஸ் வென்றான். தகப்பன்கள் வேறு வேறு. இரண்டு மகன்களுக்கும் பொதுவாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

பெயர்பெற்ற பொலிகுதிரை ஒன்றை ஒரே பருவத்தில் நூறு பெட்டைகளுக்கு மேல் சேர்க்கிறார்கள். தாய்க்குதிரையோ ஒரு குட்டியைப் பதினோரு மாதம் சுமக்க வேண்டும். தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் சினை ஊசிக்கும் அனுமதி கிடையாது, கருவை வேறு பெட்டையின் வயிற்றில் வைத்து வளர்க்கவும் அனுமதி கிடையாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் வழியில்லை. அதனால்தான் அந்தத் தொழிலில் ஒரே தகப்பனுக்குப் பிறந்த குதிரைகளை உடன்பிறப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. தாய் ஒன்றாக இருந்தால்தான் உடன்பிறப்பு. ஏல விற்பனைப் பட்டியலில் ஒரு குட்டியின் பக்கத்தைப் புரட்டினால் முதல் தாய், இரண்டாம் தாய், மூன்றாம் தாய் என்று தாய்வழிதான் வரிசையாக இறங்கும். முக்கியப் பந்தயங்களில் ஜெயித்தவர்களின் பெயர் அங்கே தடித்த எழுத்தில் இருக்கும். வாங்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் உற்றுப் படிக்கிறார்கள்.

அர்பன் சீயாவது தானே பெரிய பந்தயத்தை வென்றவள். பிரான்சில் 1926-ல் பிறந்த லா ட்ராயென் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. 1930-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தவளை எட்வர்ட் பிராட்லி என்ற அமெரிக்கர் வாங்கி கென்டக்கிக்குக் கொண்டுபோனார். அங்கே அவள் 14 குட்டிகளை ஈன்றாள். மகள் பிளாக் ஹெலன் பேர்பெற்ற ஓட்டக்காரி. மகன் பிமெலெக் 1940-ல் பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற இரண்டு பெரிய அமெரிக்கப் பந்தயங்களையும் வென்றான். அதோடு நின்றுவிடவில்லை. அவளுடைய இன்னொரு மகளின் பேரன்தான் பக்பாஸர், 1966-ல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. 1989-ல் பெல்மான்ட் வென்ற ஈஸி கோயரைப் பாருங்கள்: அவனுடைய தாய் பக்பாஸரின் மகள், அந்த வழியும் லா ட்ராயெனிடமே போய்ச் சேர்கிறது. இன்றும் அமெரிக்காவில் அவள் பெயரில் ஒரு பந்தயம் நடக்கிறது. தோற்ற குதிரை என்று அன்றைக்கு யாராவது அவளைக் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் இந்த வம்சம் எங்கே இருந்திருக்கும்?

இதையெல்லாம் இன்று நாம் சொல்ல முடிகிறது என்றால், எழுதி வைத்தார்கள் என்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 1791-லேயே வம்சப் பதிவேட்டின் முதல் அச்சு வந்துவிட்டது. நம் நாட்டிலும் புனேயிலிருந்து இந்தியன் ஸ்டட் புக் என்ற குதிரை வம்சப் பதிவேடு இயங்குகிறது.

வேலூர்க்காரனாக நான் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் காளைகளை ஓடவிட்டு நேரம் பார்க்கும் மாடு விடும் விழாக்கள் தொடங்கிவிடும். காளையின் பெயர், ஊர், ஓடிய நேரம் எல்லாம் நொடிக் கணக்கில் உங்கள் நாளிதழில் வருகிறது. ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். அந்தக் காளையை ஈன்ற பசு எது என்று கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் பதில் இருக்காது. பல நேரம் அது கறவை வற்றியதும் பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போகப்பட்டு, யார் கைக்கோ போயிருக்கும். அதன் வயிற்றில் பிறந்த கிடாரிகளும் அப்படியே சிதறிவிடும். நல்ல ஓட்டக் காளை வேண்டும் என்று லட்சக்கணக்கில் செலவு செய்கிற நம் ஆட்கள், அதைத் தரக்கூடிய தாய்வழியைச் சந்தையில் தொலைக்கிறார்கள். ரத்தத்தில் பாதி தாயுடையதுதானே? வயிற்றில் வளர்ந்ததும் பால் குடித்ததும் அவளிடம்தானே?

இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மாடுகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் தோடு ஏற்கெனவே போடுகிறார்கள். விழாவுக்கு முன் கால்நடை மருத்துவர் காளையைப் பரிசோதிக்கிறார். அந்தச் சமயத்தில் தாய்ப் பசுவின் தோட்டு எண்ணையும், எத்தனையாவது ஈத்து என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாம். சில ஆண்டுகள் சேர்ந்தால் எந்தத் தாய்வழியில் ஓட்டம் இருக்கிறது என்பது தெரியும், ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்வதையும் தவிர்க்கலாம். விழாக் குழுக்களும் கால்நடைத் துறையும் இதை யோசிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் பருவத்தில் பரிசு வாங்கும் காளைகளின் செய்தியில் தாய்ப் பசு எது, இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் நிருபர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.