34ஆம் எண்ணில் நிற்கும் ஆங்கெரான்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய, வட பிரான்சின் கூசி பிரபுக் குடும்பத்து வம்சாவளிப் படத்தை மேசையில் விரித்து இரண்டு தடவை பார்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் முதலாம் ஆங்கெரானிலிருந்து ஏழாம் ஆங்கெரான் வரை மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடாக இழுத்திருக்கிறாயே, அதை மட்டும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே. இந்தக் குடும்பத்தை எழுத உட்காருகிற பலரும் முதலில் விழுகிற குழி அது.

முதலில் ஆட்களை வரிசைப்படுத்திக்கொள். ஏழு ஆங்கெரான்களும் அடுத்தடுத்து வந்தவர்கள் அல்ல. முதலாம் ஆங்கெரானின் மகன் தொமா த மார்ல். தொமாவின் மகன் இரண்டாம் ஆங்கெரான், அவன் மகன் முதலாம் ராவுல், ராவுலின் மகன் மூன்றாம் ஆங்கெரான். அவனுக்குப் பின் மூத்த மகன் இரண்டாம் ராவுல். அவன் வாரிசில்லாமல் 1250இல் மன்சூராப் போரில் செத்ததும் தம்பி நான்காம் ஆங்கெரான். இதுவரை கோடு சரி. நான்காம் ஆங்கெரான் 1311இல் பிள்ளையில்லாமல் இறந்தான். அங்கே கோடு அறுந்தது. ஐந்தாம் ஆங்கெரான் அவன் மகன் அல்ல, அக்காள் தங்கை வழி மருமகன். நான்காம் ஆங்கெரானுடன் பிறந்த அலிக்ஸ், கீன் கோமான் மூன்றாம் அர்னூலுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் வயிற்றுப் பிள்ளை இவன். கூசி நிலமும் கூசி பெயரும் அம்மா வழியில் வந்தன. அப்பா வழியில் அவன் கீன் வீட்டுக்காரன். அவனுக்குப் பின் கீயோம், ஆறாம் ஆங்கெரான், ஏழாம் ஆங்கெரான். கடைசிப் பெயருக்குரியவன் 1397இல் இறந்ததோடு அந்த ஆண்வழியும் முடிந்தது.

நம் ஊரில் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணோடு பார்த்தால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே உனக்கே உறுத்தியிருக்கும். பெயரும் வரிசை எண்ணும்தான் உன்னை ஏமாற்றின. இந்த எண்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள் போட்டவை. பத்திரத்தில் "ஆங்கெரான், கூசியின் பிரபு" என்றுதான் இருக்கும், லத்தீனில் இங்கெல்ரான்னுஸ் என்று.

ஒரு சோதனை சொல்கிறேன். கடைசி ஆங்கெரானை 1 என்று வைத்துக்கொண்டு மேல்நோக்கி சோசா எண் போடு. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆறாம் ஆங்கெரான் 2, அவன் மனைவி ஆஸ்திரியாவின் கத்தரீன் 3. கீயோம் 4. ஐந்தாம் ஆங்கெரான் 8, அவன் மனைவி ஸ்காட்லாந்துக்காரி கிறிஸ்தியான் லிண்ட்சே 9. அர்னூல் 16, அலிக்ஸ் 17. ஆகவே அலிக்ஸின் அப்பா மூன்றாம் ஆங்கெரான் 34. சுத்தமான ஆண்வழி என்றால் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 34 அந்த வரிசையில் இல்லை. கோடு எங்கே ஒரு பெண்ணைத் தொட்டுத் திரும்பியது என்பதை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நான்காம் ஆங்கெரானுக்கும் இரண்டாம் ராவுலுக்கும் இந்தக் கணக்கில் எண்ணே கிடையாது, ஏனென்றால் அவர்கள் ஏழாமவனின் மூதாதையர் அல்ல. அவர்களைப் பக்கக் கிளையாக, அலிக்ஸுக்குச் சமமான உயரத்தில் வை.

இன்னும் மேலே ஏறினால் ஒரு வேடிக்கை. முதலாம் ராவுல் 68, அவன் இரண்டாம் தாரம் அலிக்ஸ் த த்ரோ 69. இரண்டாம் ஆங்கெரான் 136, தொமா த மார்ல் 272, முதலாம் ஆங்கெரான் 544. அலிக்ஸ் த த்ரோவின் அப்பா ரொபேர் 138. ரொபேரின் அப்பா பிரான்சின் அரசன் ஆறாம் லூயி, எண் 276. இந்த லூயிதான் தொமாவை அடக்கப் படை திரட்டிப் போனவன். 1130இல் வெர்மாந்துவா கோமான் ராவுல் கையால் காயப்பட்டு, அரசனின் பிடியில் லான் நகரில் செத்தான் தொமா. துரத்தியவனும் சிக்கியவனும் ஒரே தலைமுறையில் நான்கு எண் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள், இருவரும் ஏழாம் ஆங்கெரானுக்குப் பாட்டன்மார். தொமாவின் மகன் கட்டிய ஆக்னெஸ் த போஜான்சியும் அந்த வெர்மாந்துவா ராவுலின் சகோதரி மகள். அப்பாவைக் காயப்படுத்தியவனின் மருமகளே வீட்டுக்கு மருமகளாக வந்தாள். சண்டையை முடிக்கும் வழி அந்தக் காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான்.

544 இருப்பது பத்தாவது தலைமுறை. அந்த வரிசையில் மட்டும் 512 கட்டங்கள் வரும். எல்லாவற்றையும் வரைய நினைக்காதே. தெரிந்தவர்களை மட்டும் எண்ணோடு போடு, இடைவெளி இருக்கட்டும். காலியான கட்டத்தைக் கற்பனையால் நிரப்பினவர்களால்தான் இந்தத் துறையே கெட்டுக் கிடக்கிறது.

இனி தேதிகள். இரண்டாம் ராவுலின் மறைவுக்கு ஒரு பக்கம் 1249 என்றும் மறுபக்கம் 1250 என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே நாள்தான். அப்போது பிரெஞ்சு அரச எழுத்தர்களுக்கு ஆண்டு பிறப்பது ஈஸ்டரில். ஈஸ்டரோ மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த நாளிலும் வரும். ஜனவரி 1இலிருந்து ஈஸ்டர் வரைக்கும் பழைய ஆண்டையே எழுதினார்கள். போர் நடந்தது பிப்ரவரி 8, ஆகவே அவர்கள் கணக்கில் 1249, நம் கணக்கில் 1250. ஏழாம் ஆங்கெரான் புர்சாவில் கைதியாக இறந்த 1397 பிப்ரவரியும் இதே கதிதான், 1396 என்று பழைய ஏட்டில் கண்டால் திருத்தத் துடிக்காதே. நாள், மாதம் உள்ள பத்திரமாக இருந்தால் அந்த ஆண்டின் ஈஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மாதம் இல்லாமல் வெறும் ஆண்டு மட்டும் இருந்தால் 1249/50 என்று இரண்டையும் போட்டுவிடு.

பத்திரத்தில் வருபவன் எந்த ஆங்கெரான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். மனைவி பெயரைப் பார். ஆக்னெஸ் என்றால் இரண்டாமவன். மரி த மோன்மிராய் என்றால் மூன்றாமவன். அவளுக்கு முன் அவனுக்கு இரண்டு மனைவிகள் இருந்தார்கள் என்பதால் ஆண்டையும் சேர்த்துப் பார். சுவாசோன் கோமான் என்ற பட்டம் கூட வந்தால் 1367க்குப் பிந்திய ஏழாமவன். ஐந்தாமவன்தான் அதிகம் தொல்லை தருவான். ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் அலெக்சாந்தரின் அரண்மனையில் வளர்ந்தவன், மனைவிக்கு இங்கிலாந்திலும் நிலம் உண்டு. ஆங்கிலப் பதிவேடுகளில் "இங்கிராம் த கீன்" என்று கிடப்பான். கூசி என்று தேடினால் அகப்படவே மாட்டான். அலெக்சாந்தருக்கும் அவனுக்கும் என்ன உறவு என்றால், அலிக்ஸும் 1239இல் இரண்டாம் அலெக்சாந்தருக்குக் கொடுத்த மரியும் உடன்பிறந்தவர்கள். அக்காள் தங்கை பிள்ளைகள். பிரெஞ்சு நூல் "கூசேன்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிடும். நீ அடிக்குறிப்பில் உறவைப் பிரித்து எழுது.

லத்தீனிலும் ஒரு பொறி இருக்கிறது. சித்தப்பா பெரியப்பாவுக்கு பத்ருவுஸ், தாய்மாமனுக்கு அவுங்குலுஸ் என்று தனித்தனிச் சொல் உண்டு, அது நல்லது. ஆனால் நெபோஸ் என்ற சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தார் மகனையும் குறிக்கும். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு தலைமுறையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதே.

மடங்களுக்கு நிலம் கொடுத்த பத்திரங்கள்தான் உன் பெரிய கையிருப்பு. கூசிக் காட்டில் 1120இல் எழுந்த ப்ரெமோந்த்ரே மடம், கோட்டைக்குக் கீழே இருந்த நோழான் மடம், இவற்றுக்குக் கொடுத்த கொடைகளில் "என் மனைவி இன்னாள், மக்கள் இன்னார் சம்மதத்தோடு" என்று வரும். பின்னால் யாரும் வந்து உரிமை கேட்கக் கூடாதே என்றுதான் மடத்துக்காரர்கள் அத்தனை பேரையும் எழுத வைத்தார்கள். அந்தக் கவலை நமக்கு லாபம். ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரு மகன் எந்தப் பத்திரத்தில் முதலில் தலைகாட்டுகிறான், எதில் காணாமல் போகிறான் என்று தெரியும். ஆனால் ஒரு பத்திரத்தில் பெயர் இல்லை என்பதற்காகச் செத்துவிட்டான் என்று முடிவு கட்டக் கூடாது. கைக்குழந்தையாக இருந்திருக்கலாம், சிலுவைப் போருக்குப் போயிருக்கலாம், தன் பங்கை முன்பே வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். மகள்கள் அனேகமாக இப்படித்தான் ஏட்டை விட்டு நழுவுகிறார்கள்.

பாகப் பிரிவினைக்கு முதலாம் ராவுலைப் பார். 1190இல் சிலுவைப் போருக்குப் புறப்படும் முன் சொத்தைப் பிரித்து எழுதிவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு ஆக்ர் முற்றுகையில் இறந்தான். மூத்தவன் ஆங்கெரானுக்குக் கூசி, மார்ல், லா ஃபேர். அவன் தம்பி, இன்னொரு தொமாவுக்கு வெர்வான். மற்றொரு தம்பி ரொபேருக்குப் பினோன். இந்த வெர்வான் கிளைதான் உண்மையான பங்காளி வழி. 1311இல் மூத்த கிளை அற்றுப்போன பிறகும் கூசி என்ற பெயரை ஆண்வழியில் சுமந்தவர்கள் இவர்களே. 1544இல் பூலோன் நகரை எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்ததற்காக 1549இல் தலை வெட்டப்பட்ட ழாக் த கூசி இந்தக் கிளை. உன் படத்தில் இவர்களைக் காணவே காணோம்.

கேடயச் சின்னத்துக்கு வருகிறேன். கிடைமட்டமாக ஆறு பட்டைகள். மேலே வேய்ர், அடுத்தது சிவப்பு, இப்படி மாறி மாறி, அடியில் சிவப்பில் முடிய வேண்டும். வேய்ர் என்பது நீலமும் வெள்ளையுமாக மணி வடிவில் வரும் அணில்தோல் கோலம். நீ ஏழு பட்டை போட்டு மேலும் கீழும் வேய்ரில் முடித்திருக்கிறாய். பட்டையை எண்ணாமல் வரைந்தால் அது வேறு வீட்டுச் சின்னம் ஆகிவிடும். சிலுவைப் போரில் சிவப்பு அங்கியைக் கிழித்துக் கொடியாக்கியதால் வந்த சின்னம் என்ற கதையை எடுத்துவிடு. முதல் சிலுவைப் போர் 1096இல் புறப்பட்டது. குடும்பத்துக்கென்று நிலையான சின்னம் வைக்கும் வழக்கமே 12ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவுகிறது. கீன் வீட்டின் சின்னம் வேறு, பொன்னும் நீலமும் கலந்தது. அந்த வழி வந்தவர்கள் கூசி நிலத்தோடு கூசி சின்னத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பெயரைப் போலவே அதுவும் அறுந்த இடத்தை மூடிவிட்டது.

"கூசியின் காதல் கவிஞன்" என்று முதலாம் ராவுலின் பெயருக்குக் கீழே எழுதியிருப்பதை அழி. பாட்டுக் கட்டியவன் பிரபு அல்ல, கோட்டையைக் காத்த அதிகாரி, ஷத்லேன். பெயர் கீ. 1203இல் நான்காம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் கடலில் இறந்தான். பதவிக்குப் பின்னால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம்.

தொமாவைப் பற்றி நீ எடுத்தாண்ட வரிகள் எல்லாம் நோழான் மடத் தலைவர் கிபேர் எழுதியவை. கோட்டை நிழலில் வாழ்ந்தவர், தொமாவைக் கண்டால் ஆகாது. அப்பனே தொமாவைத் தன் பிள்ளையா என்று சந்தேகித்தான் என்பதும் அவர் தரும் செய்திதான். அதனால் 272க்கும் 544க்கும் நடுவே இழுத்த கோட்டினை அழிக்க வேண்டாம். சந்தேகத்தைச் சொன்னவர் யார் என்று பக்கத்தில் எழுதினால் போதும்.

மூன்றாம் ஆங்கெரான் கட்டிய 54 மீட்டர் உயர வட்டக் கோபுரத்தைப் பற்றி நீ எழுதிய பத்தி நன்றாக இருக்கிறது, குறுக்கத்தான் வேண்டும். 1917 மார்ச்சில் ஜெர்மானியப் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது என்ற ஒரு வரி போதும். அதைவிட நான்காம் ஆங்கெரானின் வழக்குக்கு இடம் கொடு. தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்டதற்காக 1259இல் ஒன்பதாம் லூயி அவனைப் பிடித்து நிறுத்தினான். உறவினரோடு கலந்து பேச வேண்டும் என்று அவன் கேட்டதும், அவையில் இருந்த பிரபுக்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள் என்று எழுந்து அவன் பின்னால் போனார்கள். அரசன் கிட்டத்தட்டத் தனியாக நின்றான். எத்தனை திருமணப் பத்திரம் படித்தாலும் இந்த வீட்டின் உறவு வலை இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கடைசிப் பகுதி. ஏழாம் ஆங்கெரானுக்கு மூத்த தாரம் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லா, 1365இல் மணம். மகள்கள் மரி, பிலிப்பா. இளைய தாரம் லொரேன் நாட்டு இசபெல். அவளுக்கும் இசபெல் என்றே ஒரு மகள். தாயும் மகளும் ஒரே பெயர் என்பதால் படத்தில் இருவரையும் ஒன்றாக்கிவிட்டாய், பிரித்துவிடு. மரி 1400இல் கூசியை ஓர்லேயான் கோமகன் லூயிக்கு 400,000 லிவ்ருக்கு (அந்நாள் பிரெஞ்சுப் பணம்) எழுதிக் கொடுத்தாள், முழுத் தொகை கைக்கு வரவில்லை. இளைய தாரத்தோடு பங்கு வழக்கும் நடந்தது. ஓர்லேயான் லூயியின் பேரன் 1498இல் பன்னிரண்டாம் லூயியாக அரசனானபோது கூசி அரச சொத்தானது.

மரியின் இரத்தம் வேறு வழியில் அதே இடத்துக்குப் போனது. மரியின் மகன் ரொபேர் த பார், 1415இல் அஜான்கூர் போரில் மாண்டான். அவன் மகள் ழான், லக்சம்பர்க் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் பியேர், பியேரின் மகள் மரி. அந்த மரி பூர்போன் வீட்டுக்குப் போனாள். அவள் மகன் ஷார்ல், ஷார்லின் மகன் ஆந்துவான், அவன் மகன் 1589இல் அரசனான நான்காம் ஆன்ரி. ஆன்ரியை 1 என்று வைத்து நீயே எண் போட்டுப் பார். ஏழாம் ஆங்கெரானுக்கு 298 வர வேண்டும். வேறு எண் வந்தால் நடுவில் ஒரு பெண்ணை விட்டிருப்பாய்.

திருத்திய படத்தைப் பென்சிலிலேயே அனுப்பு, மை பிறகு போடலாம்.

அன்புடன்,
அப்பா