நோவா மங்கும் வேகம்: கணிப்பு அனுப்புவோர் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. டி கொரோனா பொரியாலிஸ் என்ற விண்மீன் நோவாவாக வெடித்தால், அதாவது திடீரென்று பல மடங்கு பிரகாசமானால், ஒரு மாதம் தெரியும், சாவகாசமாக நந்தி மலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு நாள் கிடைக்காது.

1866, 1946 இரண்டு முறையும் அது 2 அல்லது 3ஆம் மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் குறையக் குறைய ஒளி அதிகம்) வரை ஏறி, ஒரு வாரம் போல வெறுங்கண்ணுக்குத் தெரிந்து மறைந்தது. பெங்களூரு மொட்டைமாடியில் 4ஆம் மேக்னிட்யூட் தெரிந்தாலே பெரிய விஷயம். ஆகவே நமக்கு மூன்று நான்கு இரவுதான், அதுவும் மேகம் விட்டால்.

கணிப்பாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: உச்சத்திலிருந்து 2 மேக்னிட்யூட் இறங்க, அதாவது ஒளி ஆறில் ஒரு பங்காக, எத்தனை நாள்? உச்சம் எதுவென்று இறங்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும், அவசரப்பட வேண்டாம். பொதுவாக நோவாவில் வெடிக்கும் வெண்குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் நோவா மங்கும். டி கொரோனாவில் இருப்பது நல்ல கனம். ஆனால் எல்லா நோவாவும் இப்படிச் சொன்ன பேச்சு கேட்காது. 1934 ஹெர்குலிஸ் நோவா மாதக்கணக்கில் இழுத்தடித்து, தூசி சூழ்ந்ததும் சடாரென்று விழுந்து, மறுபடி எழுந்தது.

சரி, ஒப்பிட ஆல்ஃபெக்கா (2.2), எப்சிலான் (4.1) விண்மீன்கள் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. நேரத்தோடு எழுதுங்கள். மொபைல் தானாகப் பிரகாசமாக்கிய படம் கணக்கில் சேராது.