தராசில் ஏறிய காகிதம்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு, பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார். சம்பந்தம் அண்ணன் உன்னை விசாரித்தார்.  

காகிதச் செலவைக் குறைக்கச் சொல்லி உங்கள் மேலிடம் ஆணையிட்டிருப்பதாகவும், நாங்கள் செய்ததை இரண்டே வரியில் சொல்லும்படியும் கேட்டிருந்தாய். எட்டுப் பக்கக் கடிதத்தில் இரண்டு வரிப் பதில் கேட்பவன் நீ ஒருவன்தான். அன்றே எழுதியிருந்தால் பிரிண்டரைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். அது பாதி உண்மைகூட இல்லை என்பதைச் சென்ற வாரம்தான் கண்டுகொண்டேன்.

முதலில் பிரிண்டர் கதையையே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பிரிண்டர் தட்டில் அநாதையாகக் கிடந்த தாள்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மின்னஞ்சலின் கடைசி வரி மட்டும் விழுந்த பக்கங்கள், ஒரேயொரு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காக மூன்று முறை முழுமையாக அச்சிடப்பட்ட ஓர் அறிக்கை, அச்சிட்டவரே மறந்துபோன ஒரு விடுப்பு விண்ணப்பம் ஆகியவை அதில் இருந்தன. அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். எல்லாக் கணினிகளிலும் இருபக்க அச்சே இயல்பாக வரும்படி அமைத்தோம். அச்சிட அனுப்பியவர் பிரிண்டர் அருகில் வந்து அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்றும், யாரும் வராவிட்டால் இரவோடு அது அழிந்துவிடும் என்றும் ஏற்பாடு செய்தோம். தட்டு காலியாயிற்று. சரக்கு வரவுச் சீட்டை மூன்று படிகள் எடுக்கும் வழக்கத்தையும் ஆராய்ந்தோம். வசந்தி அக்கா ஆண்டுக்கணக்காகத் தவறாமல் கோப்பில் சேர்த்துவந்த அந்த மூன்றாவது படியைக் கேட்ட பிரிவே இப்போது நிறுவனத்தில் இல்லை என்பது தெரிந்தபோது, அக்கா வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

இவற்றால் தாள் குறைந்தது உண்மை, நாங்கள் மகிழ்ந்ததும் உண்மை. ஆனால் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது தாள்களின் எண்ணிக்கையை. காட்டிலிருந்து போவதோ காகிதமாகும் மர நார், அதாவது எடை. கணக்கு எளிது. ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு. எனவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம், 500 தாள்கள் கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ, 400 ரீம் சேர்ந்தால் ஒரு டன். 70 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறினால், ஒரு பக்கத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் எட்டில் ஒரு பங்கு நார் மிச்சமாகும். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியாத அளவுக்கு ஒளிபுகாத் தாளாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இந்த எடைக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் சென்ற வாரம் கிடங்குக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டி அனுப்புவதற்குத் தயாராக இருந்தது. திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உதிரிப்பாகம். அதைச் சுற்றிக் கசக்கித் திணித்திருந்த பழுப்புக் காகிதத்தை நீவி விரித்தபோது மேசை முழுவதும் மூடிவிட்டது. பெட்டியோ ஐந்தடுக்கு அட்டை. காகிதத்தையும் பெட்டியையும் அங்கிருந்த தராசிலேயே வைத்துப் பார்த்தோம். அனுப்பும் பொருளைவிட அதைச் சுமக்கும் காகிதம் கனமாக இருந்தது. பிறகு கொள்முதல் ஏட்டைப் புரட்டினேன். அலுவலகம் ஒரு மாதத்தில் அச்சிடும் தாளின் எடையைக் கிடங்கு நான்கே நாட்களில் தாண்டிவிடுகிறது, இளங்கோ! ஓர் ஆண்டாக எல்லோரையும் பிரிண்டர் பக்கம் திருப்பி நிற்கவைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் போய்க்கொண்டிருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்களிடம் நான்கே அளவுப் பெட்டிகள் இருந்தன. நடுவில் இரண்டு அளவுகளைச் சேர்த்தாலே திணிக்கும் காகிதத்தில் பெரும்பகுதி தேவைப்படாது. அதைவிட முக்கியமானது நாம் அட்டையைக் கேட்கும் முறை. இத்தனை ஜிஎஸ்எம், இத்தனை அடுக்கு என்று எடையைச் சொல்லியே காலங்காலமாக வாங்கிவந்திருக்கிறோம். எடையைக் கேட்டால் ஆலை எடையைத்தான் கொடுக்கும். அட்டை எவ்வளவு அழுத்தம் தாங்கவேண்டும், எத்தனை பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம் என்று வலிமையைச் சொல்லிக் கேட்டால், குறைந்த நாரில் அதே வலிமையைத் தரும் அட்டையைத் தயாரிப்பாளரே முன்வைக்க முடியும். எங்கள் ஐந்தடுக்குப் பெட்டிகளில் எத்தனை மூன்றடுக்குக்கு மாறும் என்று இப்போது ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறோம்.

எங்கே வாங்குவது என்ற உன் கேள்விக்கு வருகிறேன். தாள்கட்டின் உறையில் மரப்படம் போட்டிருந்தால் நம்பிவிடாதே. 1993இல் தொடங்கிய எஃப்எஸ்சி, 1999இல் தொடங்கிய பிஇஎஃப்சி ஆகிய இரண்டும் மரம் பொறுப்போடு பேணப்படும் காட்டிலிருந்து வந்தது என்று காட்ட உலகெங்கும் புழங்கும் சான்றுகள். எஃப்எஸ்சியிலேயே மூன்று வகை முத்திரைகள் உண்டு: முழுக்கச் சான்றுபெற்ற காட்டு மரத்தாலானது, கலப்பு, மறுசுழற்சிப் பொருளாலானது. கலப்பு முத்திரையைப் பார்த்துவிட்டு முழுவதும் சான்றுபெற்ற காட்டிலிருந்து வந்ததாக எண்ணிக்கொள்வது பலரும் செய்யும் தவறு. மரம் வெட்டிய இடத்திலிருந்து கூழ் ஆலை, காகித ஆலை, வணிகர் என்று கைமாறும் ஒவ்வொரு நிலையிலும் சான்று அறுபடாமல் தொடரவேண்டும். ஆகவே உறையைப் பார்ப்பதோடு நில்லாமல் இன்வாய்ஸைப் பார். விற்பவரின் சான்றிதழ் எண்ணும், எந்த வகைச் சரக்கு என்ற குறிப்பும் அதில் இருக்கவேண்டும். அந்த எண் செல்லுபடியாகிறதா, அந்தச் சரக்கு அதன் வரம்புக்குள் வருகிறதா என்பதைப் பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நாங்கள் சரிபார்த்தபோது ஒரு சப்ளையரின் சான்றிதழ் காலாவதியாகி வெகு நாட்கள் ஆகியிருந்தன. உறையில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. நம்பிக்கைக்கு விலை கொடுத்து வாங்கியிருக்கிறோமே.

மறுசுழற்சித் தாள் பிரிண்டரில் சிக்கும் என்று சம்பந்தம் அண்ணன் அடித்துச் சொல்வார், உனக்கே தெரியும். நான் சோதித்துப் பார்த்தேன். உறையைப் பிரித்து நாள்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்த கட்டு, ஓரம் சுருண்டு, புதுக்கூழ்த் தாளாக இருந்தாலும் சிக்குகிறது. மூடிய உறையோடு வைத்திருந்து, விளிம்புகளை விசிறிவிட்டு, மட்டமாகத் தட்டி அடுக்கிய மறுசுழற்சித் தாள் சிக்கலின்றி ஓடுகிறது. அண்ணனையும் பக்கத்தில் நிற்கவைத்தே ஒரு முழு ரீம் ஓட்டிக் காட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சை மாற்றினார்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் மறுசுழற்சித் தாள் என்று நான் சொல்லமாட்டேன். காகித நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகி, ஐந்து முதல் ஏழு சுற்றுகளில் தளர்ந்துவிடும் என்பார்கள். புதிய நார் எங்கேனும் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் சுழற்சி ஓடும். அந்தப் புதிய நார் நல்ல காட்டிலிருந்து வரவேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சான்றெல்லாம். அன்றாட வரைவுகளுக்கும் பெட்டிகளுக்கும் மறுசுழற்சி நார் தாராளமாகப் போதும். தலைமுறை தாண்டி நிற்கவேண்டிய ஆவணங்களுக்கு நெடுங்காலம் கெடாத தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரத்தைப் பூர்த்திசெய்யும் தாளை வாங்கு.

மரமே இல்லாத காகிதம் என்று கரும்புச்சக்கையையும் வைக்கோலையும் காட்டி விற்க வருவார்கள். நல்ல பொருள்கள்தான், ஆனால் கேள்வி கேட்காமல் வாங்காதே. சர்க்கரை ஆலைகளின் எரிபொருளே சக்கைதான். அதைக் கூழுக்கு எடுத்துக்கொண்டால், கொதிகலனில் பதிலுக்கு எதை எரிக்கிறார்கள் என்று கேள். அது நிலக்கரியாக இருந்தால் மரத்தைக் காப்பாற்றிப் புகையை வாங்கிக்கொள்கிறோம். வைக்கோலில் உள்ள சிலிக்கா, கூழ் காய்ச்சிய இரசாயனங்களை மீட்டெடுப்பதைக் கடினமாக்கும். கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்றும் கேள். எந்தக் கூழாக இருந்தாலும் தனிமக் குளோரினால், அதாவது குளோரின் வாயுவால், வெளுத்ததை வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு, அதில் டையாக்சின்கள் என்ற நச்சுப்பொருள்கள் உருவாகும்.

கழிவுத் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரத்தில் துண்டு துண்டாக வெட்டிய தாளில் நார் குட்டையாகிவிடும். இரகசியம் உள்ளவற்றை மட்டும் வெட்டுங்கள். வெப்பத்தாளில் அடித்த ரசீதுகளும் பிளாஸ்டிக் பூசிய குவளைகளும் நல்ல தாளோடு கலக்கக்கூடாது.

நீ இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். உங்கள் கிடங்கில் அதிகம் போகும் மூன்று பெட்டிகளின் உள்ளளவையும், அவற்றில் வைக்கும் பொருள்களின் அளவையும் எடையையும், கடைசியாக வந்த அட்டை இன்வாய்ஸின் நகலோடு எனக்கு அனுப்பு. பெட்டியைக் காலியாகவும், திணித்த காகிதத்தோடும் தனித்தனியே எடைபோட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் அண்ணன் வீட்டுக்கு வருகிறார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு உடனே எழுதுகிறோம், இம்முறை நான்கு மாதம் ஆகாது.

உன் அன்பு நண்பன்,
கதிரவன்